ஃப்னு, உன்னை நம்பித்தான் இருக்கிறோம்

1

நான் அமெரிக்கக் குடிமகனாகி இந்த வாரத்தோடு ஓராண்டு ஆகிறது. அதற்காக என் மனைவி கலா காலையிலேயே கேசரி கிண்டினாள். மகள் யாழினி ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, “கங்கிராட்ஸ் அப்பா” என்று சொல்லிவிட்டுப் பள்ளிப் பேருந்துக்கு ஓடினாள். நான் தட்டோடு உட்கார்ந்து கைபேசியைத் திறந்தேன். அன்றைய முதல் மின்னஞ்சல் இப்படி ஆரம்பித்தது: “ஃப்னு, எல்லாம் முடிந்துவிட்டது.”

ஒன்றும் முடியவில்லை. வெளியே பனி உருகி வடிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் வழக்கம்போல நாயின் பின்னால் போய்க்கொண்டிருந்தார். எங்கள் ஊர் ஒஹாயோ மாநிலத்தில், சோள வயல்களுக்கு நடுவே இருக்கிறது. இங்கே குப்பை வண்டி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலே அது அந்த வாரத்தின் பெரிய செய்தி. ஆனால் என் மின்னஞ்சல் பெட்டிக்குள் போனால், நாடு தினமும் ஒருமுறையாவது அழிந்துவிடும்.

இந்த ஃப்னு யார் என்று சொல்லிவிடுகிறேன். நான்தான். என் பெயர் மணிகண்டன். ஊர் திருப்போரூர். குடும்பப் பெயர் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒன்று இருந்ததில்லை. பாஸ்போர்ட்டில் மணிகண்டன் என்று மட்டுமே இருந்தது. விசா கொடுத்தவர்கள் அதைத் தூக்கிக் குடும்பப் பெயர் இடத்தில் வைத்துவிட்டார்கள். முதல் பெயர் இடம் காலியாக இருக்கக்கூடாதல்லவா? ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துகளை அங்கே போட்டார்கள்: எஃப், என், யு. அன்றிலிருந்து பல் டாக்டர் கிளினிக் வரவேற்பறையில் “மிஸ்டர் ஃப்னு” என்று கூப்பிட்டால் நான் எழுந்திருக்கிறேன். குடியுரிமை வாங்கும்போது சரிசெய்துகொள்ளலாம் என்றார்கள். அதற்கு இன்னும் சில மாதம் ஆகும் என்றும் சொன்னார்கள். ஃப்னுவாகவே கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டேன்.

சத்தியம் செய்துவிட்டு வெளியே வந்தபோது வாசலில் ஏதோ கட்சிக்காரர்கள் மேசை போட்டிருந்தார்கள். வெள்ளைத் தலை அம்மையார் ஒருவர் என் கையில் சின்னக் கொடியும் பிஸ்கட்டும் கொடுத்து, “வாழ்த்துகள் கண்ணே, உன் மின்னஞ்சல் முகவரியை இதில் எழுது” என்றார். கண்ணே என்று கூப்பிட்ட பிறகு எப்படி மறுப்பது? எழுதினேன்.

2

முதல் கடிதம் வந்தபோது நான் நிஜமாகவே பதறினேன். எங்கள் பக்கத்துத் தொகுதியில் நிற்கும் கேரி என்ற வேட்பாளர் எழுதியிருந்தார். “ஃப்னு, இதைக் கண்ணீரோடு எழுதுகிறேன். நீ மட்டும்தான் மிச்சம்.” இரவுச் சாப்பாட்டின்போது கலாவிடம் சொன்னேன். “பாவம், பெரிய மனுஷன், என்னை நம்பித்தான் இருக்காராம்.”

யாழினிக்குப் புரையேறிவிட்டது. “அப்பா, அது எல்லாருக்கும் போகும். இட்ஸ் அ பாட், மெஷின்தான் அனுப்புது.” பதின்மூன்று வயது. என்னிடம் பேசும்போது கல்லும் அரிசியும் கலந்த மாதிரி இரண்டு மொழியும் வரும். தமிழை “உங்க லாங்குவேஜ்” என்பாள். நான் இந்த நாட்டில் எதை நம்பினாலும் அவள் ஒருமுறை சிரித்துவிட்டு விளக்கம் சொல்லுவது இப்போது வீட்டுப் பழக்கமாகிவிட்டது.

அதற்குப் பிறகு கேரி ஓயவே இல்லை. காலையில் “நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம்”. மத்தியானம் “நம்ப முடியாத நல்ல செய்தி, ஆனால் நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம்”. சாயங்காலம் “உனக்கு எங்கள் மேல் கோபமா?”. இன்று கொடுத்தால் எட்டு மடங்காகும் என்பார். அந்த மீதி ஏழு மடங்கைக் கொடுக்கப்போகிற புண்ணியவான் யார் என்று எந்தக் கடிதத்திலும் சொல்லமாட்டார். ஒரு வாரம் கேரி ஓய்ந்தார் என்று நினைத்தால் அவர் மனைவி எழுதினாள்: “இதை நான் எழுதுவது கேரிக்குத் தெரியாது.” அதற்கடுத்து அவர்கள் வீட்டு நாய் எழுதியது. சத்தியமாக. நாயும் நன்கொடைதான் கேட்டது.

கலா எங்கோ சந்தையில் இலவசத் தண்ணீர் பாட்டிலுக்காக எதிர்க்கட்சிக்காரர்களிடம் தன் முகவரியைக் கொடுத்துவைத்திருந்தாள். அவளுக்குக் கேரி ஜெயித்தால் உலகம் அழியும் என்று கடிதம் வரும். எனக்குக் கேரி தோற்றால் அழியும் என்று வரும். இருவரும் காபி குடித்துக்கொண்டே ஒப்பிட்டுப் பார்ப்போம். அழியும் நேரம் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்: இன்று நள்ளிரவு.

இனிக் கடிதம் வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் பொத்தானை அழுத்தினேன். “நீ போவது எங்கள் நெஞ்சைப் பிளக்கிறது” என்று ஒரு கடிதம் வந்தது. மறுநாள் வேறு பெயரில் வந்தார்கள்.

நம் ஊரிலும் தேர்தலுக்குப் பயமுறுத்துவார்கள்தான். ஆனால் ஆள் வருவான். நான் பத்தாவது படிக்கும்போது, ஒரு வேட்பாளர் ஜீப்பிலிருந்து இறங்கி எங்கள் தெருவுக்குள் வந்து, எங்கள் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டு, “தாயே, எதிரி வந்தா தெருவே இருக்காது” என்றார். அம்மா, “தெரு கீதோ இல்லியோ, கொழாயில தண்ணி இல்ல. அத சொல்லிட்டுப் போ” என்றாள். சுற்றிப் பொம்பளைகள் நின்றுகொண்டார்கள். அவரால் நகர முடியவில்லை. பதில் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

3

அம்மா பெயர் அஞ்சலை. சின்ன வயதில் ஊரார் நிலத்தில் நாற்று நட்டவள். பிறகு பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றாள். இப்போது திருப்போரூர் வீட்டில் என் தங்கை செல்வியோடு இருக்கிறாள். செல்வி செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவள் கணவன் தாஸ் கோவளத்துக்காரன். கோவளத்துக்கும் திருப்போரூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

போன தடவை போயிருந்தபோது என் பழைய டேப்லெட்டை அம்மாவிடம் விட்டுவந்தேன். யாழினியின் படங்கள் தானாகவே அதில் வந்து விழவேண்டும் என்று என் கணக்கை அதிலேயே திறந்துவைத்திருந்தேன். படங்கள் விழுந்தன. அவற்றோடு என் மின்னஞ்சல்களும் விழுகின்றன என்பது எனக்கு உறைக்கவில்லை. அம்மாவுக்குக் கண் மங்கல் என்பதால், எது வந்தாலும் தமிழாக்கி உரக்கப் படிக்கும்படி செல்வி அமைத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஆக, கேரி என்னிடம் அழுத அழுகையெல்லாம் திருப்போரூரில் ஒரு பெண்குரலில், நல்ல செய்தித் தமிழில் ஒலித்துக்கொண்டிருந்தது.

எனக்கு இது தெரியவந்தது தாஸ் போன் செய்தபோதுதான். அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“மச்சான், இன்னா பேஜாரு அங்க? உன்ன தள்றாங்களாமே?”

“யாரை? எங்கிருந்து?”

“அமெரிக்காலருந்துதான். உன் பேர லிஸ்ட்லருந்து எடுக்கறாங்கன்னு மெசேஜ் வந்துகீது. அத்தை தெருவுக்கே சொல்லிட்டாங்க. மாடி ரூமுக்கு பெயிண்ட் அடிச்சிகினு கீறாங்க மச்சான்.”

கணக்கைத் திறந்து தேடினேன். இருந்தது. ‘உன் ஆதரவாளர் உறுப்பினர் நிலை காலாவதியாகிறது’ என்று கேரி கட்சிக்காரர்கள் ஒரு மிரட்டல் அனுப்பியிருந்தார்கள். நான் எப்போது உறுப்பினரானேன் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். டேப்லெட் அதை அம்மாவுக்கு இப்படிப் படித்துக் காட்டியிருக்கிறது: “ஃப்னு, இறுதி எச்சரிக்கை. உங்கள் உறுப்புரிமை இன்று நள்ளிரவில் ரத்தாகிறது. உங்களை நீக்க எங்களுக்கு மனமில்லை.” எனக்கு இங்கே பேர் ஃப்னு என்பது செல்வி மூலம் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும்.

போனில் அம்மாவைக் கூப்பிட்டேன். வாயைத் திறக்கவே விடவில்லை.

“நீ ஒண்ணியும் மனசுல வச்சிக்காத. சத்தியம் வாங்கினவன் திருப்பிக் குடுத்துட்டான், அவ்ளோதான? வூடு கீது. ஊரப்பாக்கத்துல ஒரு இங்கிலீஷ் ஸ்கூல்ல கேட்டு வச்சிகீறேன், பாப்பாவ சேத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. உன் வேலைக்கும் மெயின் ரோட்டு மேல கீற கம்பெனிங்கள்ல தாஸ் விசாரிக்கிறான்.”

குரல் அப்படித் துள்ளியது. என் அம்மாவை அவ்வளவு சந்தோஷமாக நான் கேட்டதில்லை. அது பொய் என்று எந்த வாயால் சொல்வது? செல்வியிடம் சொல்லச் சொன்னேன். “போடா, நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு” என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தேர்தல் முடிந்து, டிசம்பரில் லீவு கிடைத்ததும் நான் மட்டும் கிளம்பினேன். யாழினிக்கு அப்போது இசைக்குழு நிகழ்ச்சி. “ஸே ஹாய் டு ஆயா” என்றாள்.

4

வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னே மொட்டை. புள்ள பத்திரமாக வந்து சேர்ந்தால் அவன் தலைமுடியை முருகனுக்குக் கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள். “அம்மா, என்னை யாரும் தள்ளலம்மா. நான் திரும்பிப் போகணும்” என்று, என்னை அழைக்க வந்திருந்தவளிடம் ஆட்டோவிலேயே சொல்லிப் பார்த்தேன்.

“அதெல்லாம் அப்புறம். வந்து சேந்துட்ட இல்ல? வேண்டுதல் அதான். முருகன்கிட்ட கணக்கு பேசாத.”

நேராகக் கோயில். அரைமணி நேரத்தில் தலை பளபளத்தது. வீடியோவில் பார்த்த கலா ஒரு நொடி திகைத்து, “யாருங்க நீங்க?” என்றாள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு மட்டும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் எனக்கு இன்னொரு அதிர்ச்சி. விளக்கு வைத்ததும் பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா வந்தார். எதிர்வீட்டு ஸ்டெல்லா வேலை முடிந்த களைப்போடு வந்தார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். எல்லாரும் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். அம்மா டேப்லெட்டை டிவி மேசைமேல் நிறுத்தினாள். அன்றைய கேரி ஒலிக்க ஆரம்பித்தார்.

“நாங்கள் மண்டியிட்டுக் கெஞ்சுகிறோம். உன் மௌனம் எங்களைக் கொல்கிறது.”

“ஐயோ பாவம்” என்றார் ஸ்டெல்லா. “நேத்து பொண்டாட்டி எழுதுனா, இன்னிக்கு இவன். வூட்ல ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல போல.”

“அந்த நாய்க்குட்டி இன்னா ஆச்சு, அதப் பத்தி தகவலே காணோம்” என்று லட்சுமி அக்கா கவலைப்பட்டார்.

மாதக்கணக்கில் இது நடந்துகொண்டிருக்கிறது. சீரியலைவிட நன்றாக இருப்பதாக எல்லாரும் சொன்னார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அக்கா, அவர் ஜெயிச்சிட்டாரு” என்றேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“யாரு?”

“கேரிதான். போன மாசமே. நல்லாவே ஜெயிச்சிட்டாரு.”

“ஜெயிச்சவன் இன்னாத்துக்குடா அழுவுறான்?” என்றாள் அம்மா.

“அழுதா பணம் வரும்னுதாம்மா. எனக்கு மட்டும் எழுதறதில்ல. ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் இதே லெட்டர்தான் போகும். எழுதறதே அவர் இல்ல. உறுப்பினர்னு சொன்னது கட்சி லிஸ்ட்டு. என் குடியுரிமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அம்மா நம்பவில்லை. “இவ்ளோ கெஞ்சறான், நீ ஒரு பதில் போட்டியா? மரியாத வேணாம்? போடு. நான் சொல்றேன், நீ எழுது.”

எழுதினேன். அவள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றினேன். “தம்பி கேரி, நல்லா இருக்கியா? நான் ஃப்னுவோட அம்மா. ஜெயிச்சிட்டியாம், சந்தோசம். இனிமே அழாத. பொண்டாட்டிகிட்ட பேசு. என் புள்ளய லிஸ்ட்லருந்து எடுத்துட்டியா இல்லியான்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லு.” லட்சுமி அக்கா நாயைப் பற்றியும் கேட்கச் சொன்னார். சேர்த்தேன். அனுப்பினேன்.

வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. பெண்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். டேப்லெட் அதே கனிந்த குரலில் படித்தது: “இந்த முகவரிக்கு வரும் கடிதங்களை யாரும் படிப்பதில்லை. நன்கொடை அளிக்க இங்கே அழுத்தவும்.”

முதலில் சிரித்தது ஸ்டெல்லாதான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். “அடப்பாவி, நான் அந்த நாய்க்காக ஜெபம் பண்ணேன்யா” என்று ஸ்டெல்லா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அவள் பார்வை மாடிப்படி பக்கம் போய்வந்ததை நான் பார்த்தேன்.

5

மாடி அறைக்கு அம்மா இளநீல வண்ணம் அடித்திருந்தாள். யாழினிக்குக் கால் மடக்கி உட்காரத் தெரியாதென்று குளியலறையில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்திருந்தாள். ஜன்னலுக்குப் புதுத் திரைகூட இருந்தது. அந்த அறையில் நான் தூங்கிய நாட்களில் இது பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, “கோவளம் போயி மீன் வாங்கியாரலாம் வா” என்றாள். தாஸ் எங்களை இறக்கிவிட்டுச் சவாரிக்குப் போனான். படகுகள் வந்திருந்தன. சங்கரா, நெத்திலி, கொஞ்சம் வஞ்சிரம். அம்மா ஒவ்வொரு கூடையிலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு எதையும் வாங்காமல் நகர்ந்தாள். கடைசியில் கரையேற்றிய ஒரு படகின் நிழலில் உட்கார்ந்துகொண்டாள். நானும் உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் வெயில் சுட்டது. அவள் முந்தானையை எடுத்து என் தலையில் போட்டாள்.

“உன்னத் தள்ளலன்னு எனக்கு அப்பவே கொஞ்சம் சந்தேகந்தான்” என்றாள். “செல்வி மூஞ்சப் பாத்தா தெரியாதா?”

“அப்புறம் ஏம்மா பெயிண்ட்லாம்?”

மணலைக் கிளறினாள்.

“நீ போயி இத்தினி வருசமாச்சு. நான் ஒருவாட்டியாச்சும் உன்ன வாடான்னு கூப்டிருக்கனா?”

யோசித்துப் பார்த்தேன். போனில் எப்போதும் கேட்பது சாப்பிட்டாயா, குளிரா, பாப்பா எப்படி இருக்கிறாள். நான் எப்போது வருகிறேன் என்று நானாகச் சொன்னால் உண்டு. “இல்லம்மா” என்றேன்.

“கூப்ட்டா உனுக்கு கஷ்டமாயிடும்னு கூப்டல. அப்புறம் கூப்ட வாயே வர்ல. இந்தப் பொட்டி பாரு, ஒரு நாளைக்கு மூணு வாட்டி கூப்டுது. நீ இல்லன்னா முடியாது, இப்பவே வா, உன்ன நம்பித்தான் கீறோம்னு. கொஞ்சங்கூட கூச்சமில்ல அதுக்கு. கேக்க எனக்கு அவ்ளோ நல்லா இருந்துச்சுடா. நான் சொல்லணும்னு நெனச்சத யாரோ சொல்லிகினு கீற மாதிரி இருந்துச்சு.”

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டேன். “சரி, இப்ப நீயே சொல்லேன்” என்றேன்.

“ச்சீ போடா.”

“சொல்லும்மா. யாரும் கேக்கல.”

இரண்டு பக்கமும் பார்த்தாள். வலையை உதறிக்கொண்டிருந்த ஆட்கள் அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள். குனிந்துகொண்டு, மணலைப் பார்த்துச் சொன்னாள்: “வாடா.”

“கேக்கல.”

“வந்துடுடா வூட்டுக்கு!”

அது வலை உதறுகிற ஆள்வரைக்கும் கேட்டுவிட்டது. பக்கத்தில் கூடையோடு இருந்த மீன்கார அம்மா திரும்பி, “இன்னா ஆயா, பையன் வூட்ட வுட்டு ஓடிட்டானா?” என்றார். அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. முந்தானையை என் தலையிலிருந்து பிடுங்கி முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

“இப்ப முடியாதும்மா” என்றேன். “பாப்பா படிப்பு இருக்கு. கலா வேல இருக்கு. இன்னும் பல வருஷம் ஆகும். வருவேனான்னே எனக்குத் தெரியல.”

“தெரியும்டா. முடியும்னு யார் சொன்னது?” மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். “கேட்டுட்டேன் இல்ல? இப்ப லேசா கீது.”

அந்த மீன்கார அம்மாவிடமே சங்கரா வாங்கினாள். விலையில் ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

6

மறுநாள் மத்தியானம் தாஸ் ஆட்டோவை வாசலில் நிறுத்தி, பெட்டிகளை ஏற்றினான். லட்சுமி அக்கா வந்தார். ஸ்டெல்லா வேலைக்குப் போயிருந்தார். லட்சுமி அக்காவிடம் ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தனுப்பியிருந்தார். அதை விமான நிலையத்தில் விடமாட்டார்கள் என்று சொல்லச் செல்விக்கு மனம் வராமல் தாஸின் சீட்டுக்கடியில் வைத்தாள்.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நானும் அம்மாவும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. நான் “வரேன்மா” என்பேன். போகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதால் எல்லாரும் சொல்கிற வார்த்தை. அவள் “சரிப்பா” என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஆட்டோ தெருமுனை திரும்புவதைக்கூடப் பார்க்க மாட்டாள்.

இந்த முறையும் சொன்னேன். “வரேன்மா.”

அம்மா உள்ளே போகவில்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டாள்.

“எப்ப?”

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தைக்குப் பின்னால் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. தாஸ் திரும்பி என்னைப் பார்த்தான். நான் யோசித்து, யாழினியின் கோடை விடுமுறையை மனதில் எண்ணி, “ஜூன்ல. ஸ்கூல் மூடினதும் மூணு பேரும் வரோம். ஆகஸ்ட் வரைக்கும் இருப்போம்” என்றேன்.

“நெஜமா?”

“நெஜமாம்மா.”

“சரி, போ” என்று கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.